வேர் சிகிச்சையும் வால்வு சிகிச்சையும்

மேட்டுச் சாலையின் நட்டநடுவில் சிங்கம் மறுபடியும் இருமியது.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. லாரிக்குப் பின்னால் வந்த பேருந்து லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தது. பல் டாக்டர் கியரை மாற்றிப் பார்த்தார், ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார், கடைசியில் "போடா ராஜா, போடா கண்ணு" என்று ஸ்டியரிங்கைத் தடவியும் பார்த்தார். சிங்கம் ஒரு குலுங்கு குலுங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டாவெறுப்பாக நகர்ந்தது.

சிங்கம் என்பது அவருடைய ஜீப். டர்போ டீசல் இஞ்சின். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், ஆற்றைக் கடக்கும், பாறையில் ஏறும் என்று சொல்லி விற்றார்கள். டாக்டர் அதில் இதுவரை கடந்த பெரிய நீர்நிலை, கிளினிக் வாசலில் தேங்கும் மழைத்தண்ணீர்தான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? பின்னால் தொங்கும் உபரிச் சக்கரத்தின் உறைமேல் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு கடைவாய்ப்பல்லை வரைந்து, கிளினிக் பெயரையும் எழுதிவைத்திருந்தார்.

"இதுவா சிங்கம்?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. "இருமுறதைக் கேட்டா என் வார்டுல சேர்க்கவேண்டிய கேஸ் மாதிரி இருக்கு."

அவள் நுரையீரல் டாக்டர். இருமல் விஷயத்தில் அவளோடு வாதாட முடியாது.

"அக்கா, இது ஈ.ஜி.ஆர். வேலை," என்று பின்சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவளுடைய தம்பி. கைப்பேசிக் கடையில் வேலை. கைப்பேசியைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பழுதுபார்க்கும் வீடியோக்களைப் பார்த்து முடித்தவன்.

"அதென்னடா?" என்றார் டாக்டர்.

"இஞ்சின் வெளிய விடுற புகை இருக்கில்ல மாமா, அதுல கொஞ்சத்தைப் பிடிச்சுத் திரும்ப இஞ்சின் வாயிலயே ஊட்டுறதுக்கு ஒரு வால்வு வெச்சிருக்கான். அதனால உள்ள பூரா கரி படியுது. வண்டி மூச்சு விட முடியாம இருமுது."

"துப்பினதைத் திரும்ப ஊட்டுறதா?"

"அதேதான். உங்க நாற்காலியில உக்காந்து கொப்பளிச்சுத் துப்புறாங்களே, அந்தத் தண்ணியை எடுத்து அவங்க வாயிலயே ஊத்தினா எப்படி இருக்கும்?"

டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் சிங்கத்துக்கு இத்தனை நாளாக இப்படியொரு கொடுமை நடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே!

"அந்த வால்வை அடைச்சிடலாம் மாமா. ஒரு தகடு போதும். அப்புறம் பாருங்க, வண்டி பறக்கும்."

"அடைச்சுத்தான் பாரேன்," என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. அதுதான் ஆபத்து. "இஞ்சினுக்குள்ள சூடு ஏறினா காத்தே விஷமா மாறும்டா. கொஞ்சம் புகையைத் திருப்பி விடுறது அந்தச் சூட்டை அடக்கத்தான். கரும்புகைன்னா கண்ணுக்குத் தெரியும், மூக்கைப் பொத்திக்கலாம். இது கண்ணுக்கே தெரியாது. இன்ஹேலரோட என் முன்னாடி வந்து நிக்குறவங்களைக் கேளு, சொல்லுவாங்க. சட்டப்படியும் தப்பு." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "மெக்கானிக்கிட்ட விட்டுச் சுத்தம் பண்ணுங்க. அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். புரியுதா?"

"சத்தியமா தொட மாட்டேன்மா," என்றார் டாக்டர்.

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார். ஆனால் மெக்கானிக் ஷெட்டுக்குப் போவதென்றால் அவருக்குப் பயம். மற்றவர்களுக்குப் பல் டாக்டரிடம் வருவது எப்படியோ அப்படி. போன தடவை போனபோது, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் "முன்பக்கம் ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஷெட்டே சிரித்தது.

அந்தச் சமயத்தில்தான் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் ஒரு காக்கிச் சட்டைக்காரர் கிளினிக்குக்கு வந்தார்.

காக்கிச் சட்டை. நகக்கண்ணெல்லாம் கரி. கிட்டே போனால் டீசல் வாடை. நாற்காலியில் உட்கார்ந்தார், கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், வாயைத் திறந்தார். அவ்வளவுதான். எப்போது ஆரம்பித்தது, சூடாகக் குடித்தால் கூசுகிறதா என்று ஒரு பேச்சு இல்லை. டாக்டருக்கு இப்படிப்பட்ட நோயாளிகளைத்தான் பிடிக்கும். அவர் சிகிச்சை செய்யும்போது ஓயாமல் பேசுகிற ரகம். கேள்வி கேட்பார், பதில் வருவதற்குள் வாயில் பஞ்சை வைத்துவிடுவார். பிறகு அந்தப் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

"வேர் வரைக்கும் போயிருக்கு. நாலஞ்சு தடவை வரவேண்டியிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே குடைந்தார். குடைந்துகொண்டே யோசித்தார். கரி, டீசல், காக்கி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அருமையான மெக்கானிக், தன் நாற்காலியில், சிரிக்க முடியாத நிலையில் படுத்திருக்கிறார்!

கருவியை வெளியே எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வாசலில் சிங்கம் நின்றது.

"அது நம்ம வண்டிதான். ஒரு சந்தேகம் கேக்கலாமா? ஈ.ஜி.ஆர். வால்வுல ஒரு தகடு வெச்சு அடைச்சிட்டா இருமல் நின்னுடும்ல?"

காக்கிச் சட்டைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பஞ்சு திணித்த வாயோடு முகம் மலர்ந்தார். தலையை ஆட்டி, கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார்.

"அடைக்கலாம்ங்கிறீங்க!"

மறுபடியும் தலையாட்டல்.

டாக்டருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அடுத்த நோயாளிக்கு வலிக்காமலே பல்லைப் பிடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மாமனும் மைத்துனனும் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் சிங்கத்தின் பானட்டைத் திறந்தார்கள். வால்வைக் கழற்றியதும் டாக்டர் வழக்கம்போல் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார்.

"அடேயப்பா! இவ்வளவு காரையா!"

கை சும்மா இருக்குமா? பற்காரை சுரண்டும் கருவியை எடுத்துச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினார். கரி கட்டிகட்டியாக உதிர்ந்தது. வால்வு பளபளவென்று ஆனது. அதோடு மூடி மாட்டியிருந்தால் சிங்கம் அன்றைக்கே குணமாகி, இந்தக் கதைக்கும் வேலை இல்லாமல் போயிருக்கும்.

"சுத்தமாயிடுச்சே மாப்பிள்ளை. இப்படியே மாட்டிடலாமா?"

"மாமா, சொத்தைப் பல்லைத் தேய்ச்சுட்டு அப்படியே விடுவீங்களா? அடைக்க வேண்டாமா?"

தொழில்ரீதியாக அதற்கு டாக்டரிடம் மறுப்பு இல்லை. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்திருந்த எஃகுத் தட்டு ஒன்றை வெட்டினார். கருவிகளை அடுக்கிவைக்கும் தட்டு அது. திருகாணிக்கு ஓட்டை போடப் பல் குடையும் இயந்திரத்தையே பிடித்தார். பல்லை வெண்ணெய்போல் குடையும் அந்த ஊசிமுனை எஃகைத் தொட்டதும் 'டிங்' என்று உடைந்து பறந்துபோய் மைத்துனனின் தலைமுடிக்குள் புகுந்துகொண்டது. அவன் கொட்டகையைச் சுற்றி ஓடினான். அதைத் தேடி எடுத்து, இன்னொன்றை உடைத்து, ஒருவழியாகத் தகட்டை மாட்டி வால்வை அடைத்தார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் சிங்கம் இருமவில்லை. மாமனும் மைத்துனனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விலகிப் பார்த்தபோது டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மனைவி வண்டியில் ஏறியதும் முதலில் அதைத்தான் பார்த்தாள்.

"அதென்ன மஞ்சளா எரியுது?"

"அது... வண்டி நல்லா இருக்குன்னு காட்டுற விளக்கு."

"இத்தனை நாளா எரியலையே?"

"இத்தனை நாளா வண்டி நல்லா இல்லையே."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் பேச வாய்ப்பில்லாமல் சிங்கமே சதி செய்தது. இஞ்சினுக்குள் ஏதோ விபரீதம் என்று அதன் கம்ப்யூட்டர் பயந்துபோய் வேகத்தைக் கட்டிப்போட்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம். தலையில் கூடை வைத்துக்கொண்டு நடந்துபோன ஒரு அம்மாள், இவர்களைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

காக்கிச் சட்டைக்காரர் அடுத்த தடவை வந்தபோது, டாக்டர் மரப்பு ஊசி போட்ட கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க சொன்னபடியே அடைச்சேன். மஞ்சள் விளக்கு எரியுது, வண்டி நகர மாட்டேங்குது. வால்வுக்குப் போற ரப்பர் குழாயையும் அடைச்சுடுன்னு என் மைத்துனன் சொல்றான். அங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழாய் இருக்கு. எதை அடைக்கிறது? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

கேட்டுக்கொண்டே வேருக்குள் கம்பியை விட்டார். காக்கிச் சட்டைக்காரரின் கண்கள் அகன்றன. வலது கை விருட்டென்று மேலே போனது. ஆள்காட்டி விரல் கூரையைக் காட்டியது.

"மேல இருக்கறதா? கரெக்ட். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

விரல் இன்னும் வேகமாகக் கூரையைக் குத்தியது.

"புரிஞ்சுது, புரிஞ்சுது. மேல இருக்கறதுதான். எவ்வளவு அக்கறை உங்களுக்கு!"

மேலே இருந்த குழாய்க்குள் பல் அடைக்கும் சிமெண்டை வைத்து டாக்டர் அழகாகப் பூசினார். ஆயுசுக்கும் உதிராத சிமெண்ட். அந்தக் குழாய் வால்வுக்குப் போவதல்ல, இஞ்சினுக்குக் காற்றை ஊதித்தரும் டர்போவுக்குப் போவது என்பது இரண்டு நாள் கழித்து உலகத்துக்கே தெரிந்தது.

அன்று மனைவிக்கு ஒரு பள்ளி மைதானத்தில் சொற்பொழிவு. தலைப்பு, 'நாம் சுவாசிக்கும் காற்று'. சிங்கம் அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் டாக்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. வண்டிக்கு இழுவையே இல்லை. அவளை இறக்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் நிழலில் நிறுத்தினார். சரியாக அவள் மைக்கைப் பிடித்த நேரத்தில் காவலாளி ஓடிவந்தார்.

"சார், இங்க நிறுத்தக் கூடாது. கொஞ்சம் எடுங்க."

ஒரு சின்ன மேடு ஏற வேண்டும். டாக்டர் மிதித்தார். ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடி வரைக்கும் மிதித்தார்.

"நாம உள்ள இழுக்குற ஒவ்வொரு மூச்சுலயும்..." என்று மேடையில் அவள் ஆரம்பித்தாள்.

சிங்கத்தின் பின்பக்கத்திலிருந்து மழைமேகம்போல் ஒன்று புறப்பட்டது. கன்னங்கரேலென்று உருண்டு திரண்டு, மேடையின் பின்திரையைத் தாண்டி, பேசிக்கொண்டிருந்தவளைத் தாண்டி, முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெரியவர்கள்மேல் போய் இறங்கியது. மைதானமே ஒரே குரலில் இருமியது. புகை விலகியபோது மனைவியின் வெள்ளைக் கோட்டு சாம்பல் நிறமாக இருந்தது. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பின்திரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்த இடைவெளியில் சக்கர உறைமேலிருந்த பல் அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

டாக்டருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த கை மரத்துப்போனது. ஊசியே போடாமல்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைத் துவைக்கப் போட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டியில ஏதாவது கை வெச்சீங்களா?"

"நானா? சேச்சே! டீசல்ல ஏதோ கலப்படம்."

"எம்மேல சத்தியமா?"

"உம்மேல எதுக்கும்மா சத்தியம், உடம்பு சரியில்லாத நேரத்துல..."

"எனக்கென்ன உடம்புக்கு?"

"இருமினியே."

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். டாக்டரின் பொய்க்கு நான்கு சக்கரம் இருந்தது, இழுவைதான் இல்லை. ராத்திரி படுத்தால் முன்வரிசைப் பெரியவர்கள் கருப்பு மூக்கோடு வந்து நின்றார்கள்.

காக்கிச் சட்டைக்காரருக்குக் கடைசித் தடவை. உலோகத் தொப்பி போட்டு முடிக்க வேண்டியதுதான் பாக்கி. டாக்டர் அன்றைக்கு மனதிலிருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். தகடு, சிமெண்ட், மேடை, பெரியவர்கள், சத்தியம், ஒன்று விடவில்லை.

"சட்டப்படி தப்புன்னு தெரியும். பொண்டாட்டிகிட்ட பொய் மேல பொய்யா சொல்லிட்டிருக்கேன். யார்கிட்டயும் சொல்ல முடியல. உங்ககிட்ட சொன்னதும்தான் மனசு லேசா இருக்கு," என்றார். கை தன்னையறியாமல் தொப்பியை அழுத்தியது.

காக்கிச் சட்டைக்காரரின் கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க அழாதீங்க. வழி மட்டும் சொல்லுங்க. என்னதான் பண்றது?"

அவர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குறுக்கும் நெடுக்குமாக வைத்து வேகவேகமாக ஆட்டினார்.

"ஓ! குழாய் ரெண்டையும் மாத்திப் போட்டுட்டேனா! இடம் மாத்தி அடைச்சிருக்கேனா! அடடா, இது எனக்குத் தோணலையே!"

வாயை மூடியதும் காக்கிச் சட்டைக்காரர் கும்பிட்டுவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமாகப் போய்விட்டார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

டர்போவின் குழாயைப் புதிதாக மாட்டினார்கள். வால்வுக் குழாயை அடைத்தார்கள். மஞ்சள் விளக்குக்கு மைத்துனன் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி கொண்டுவந்தான்.

"இதைச் செருகிட்டா வால்வு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு கம்ப்யூட்டர் நம்பிடும் மாமா."

"கம்ப்யூட்டருக்கே மரப்பு ஊசியா!"

செருகினான். விளக்கு அணைந்தது. டாக்டர் மிதித்தார். சிங்கம் இருமவில்லை, திணறவில்லை, புகைவிடவில்லை. பாய்ந்தது. கொட்டகைக் கதவைத் திறக்க மறந்துவிட்டார்கள் என்பதைத் தவிர எல்லாம் சரியாக நடந்தது.

மறுநாள் காலையில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, மேட்டுச் சாலையில் சிங்கம் அந்த லாரியையே முந்தியது. அவளுக்கே ஆச்சரியம்.

"என்ன பண்ணீங்க? இருமலே இல்லையே!"

"நீ சொன்னதைத்தான் பண்ணேன். சுத்தம் பண்ணேன்." இதில் கால்வாசி உண்மை.

அவள் முகம் கனிந்தது. "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்," என்று அவர் கைமேல் கை வைத்தாள். டாக்டருக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று குத்தியது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்த நேரத்தில், வளைவைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே தடுப்பு. புகைச் சோதனை. வண்டிகளை ஓரம்கட்டி, புகைக்குழாயில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு. பார்க்கட்டும். நம்ம வண்டிதான் சுத்தமா இருக்கே," என்றாள் மனைவி பெருமையாக.

சோதனை வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அதிகாரியைப் பார்த்து டாக்டருக்கு ரத்தம் உறைந்துபோயிருந்தது. அதே காக்கிச் சட்டை. இப்போது தலையில் தொப்பியும், தோளில் பட்டையும், மார்பில் பித்தளை எழுத்தும் இருந்தன.

மெக்கானிக் இல்லை! அதிகாரி! புகைச் சோதனை அதிகாரி!

ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் படுக்கவைத்து, ஒவ்வொரு குற்றமாக, தேதி தவறாமல், நாமே இந்த ஆளிடம் ஒப்பித்திருக்கிறோம். அந்தத் தலையாட்டலெல்லாம் ஆலோசனை இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் 'ம், அப்புறம்?' என்பார்களே, அந்தத் தலையாட்டல்! டாக்டருக்குக் கால் இரண்டும் பெடலில் கடகடவென்று ஆடின. ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. கிளினிக்கில் எப்போதும் முகமூடியோடுதான் இருப்பார். இந்த முகத்தை அந்த ஆள் பார்த்ததில்லை.

சோதனைக் கருவியோடு ஒரு பெண் ஊழியர் வந்தார். "இஞ்சினை ஓடவிட்டு நல்லா மிதிங்க சார்."

மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆடிய காலே மிதித்தது.

ஊழியர் கருவியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "பரவாயில்லையே! காலையிலேர்ந்து பார்த்ததுல இவ்வளவு கம்மியா எந்த வண்டியும் காட்டல. நீங்க போகலாம் சார்."

மனைவி புருஷனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். டாக்டர் கியரைத் தேடினார்.

அதற்குள் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்துவிட்டார். பின்னால் போனவர், சக்கர உறையைப் பார்த்ததும் நின்றார். முகம் மலர்ந்தது. நேராக டாக்டர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, உற்றுப் பார்த்து, தன் வாயை விரலால் இழுத்து, டாக்டர் போட்ட உலோகத் தொப்பியைக் காட்டினார். கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு, போகலாம் என்று கையை வீசினார்.

"உங்க பேஷண்டா?" என்றாள் மனைவி. "எவ்வளவு மரியாதை பாருங்க!"

மரியாதையா? எல்லாம் தெரிந்த மனிதர் சிரிக்கிறார். பூனை எலியோடு விளையாடுகிற சிரிப்பு. போகவிட்டு, அடுத்த வளைவில் பிடிப்பார். இல்லை, வீட்டுக்கு வருவார். கிளினிக்குக்கு வருவார். நாலு பேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். டாக்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து கீழே குதித்தார்.

"சார், போதும் சார்! இந்தச் சிரிப்பு வேண்டாம் சார்! நானே சொல்லிடுறேன்!"

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"வால்வை அடைச்சது நான்தான் சார்! கிளினிக் தட்டை வெட்டி அடைச்சேன்! குழாயில சிமெண்ட் வெச்சேன்! கம்ப்யூட்டரை ஏமாத்த உள்ள ஒரு கருப்புப் பெட்டி இருக்கு! கருவியில வராது சார், அந்த விஷம் கண்ணுக்கே தெரியாது, என் பொண்டாட்டி அப்பவே சொன்னா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்! மைதானத்துல புகை விட்டதும் நான்தான்! டீசல் பாவம் சார், அதுல கலப்படமே இல்ல!"

அதிகாரி வைத்த கண் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. கருப்புப் பெட்டி வந்தபோது சிரிப்பு சுத்தமாகப் போய்விட்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிகளில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஜீப்புக்குள் மனைவி மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடியும் போட்டுக்கொண்டு கணவனைப் பார்த்தாள். இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்தியவளுக்கு, எதிரில் நிற்பது யார் என்று தெரியவில்லை போலிருந்தது.

அதிகாரி முதல்முறையாக வாய்விட்டுப் பேசினார். குரல் தட்டையாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "பானட்டைத் திறங்க."

டாக்டர் திடுக்கிட்டுப்போனார். "என்ன சார், புதுசா கேக்குற மாதிரி கேக்குறீங்க! இதையெல்லாம் நாற்காலியில வெச்சே உங்ககிட்ட சொன்னேனே! நீங்களும் தலையாட்டினீங்களே!"

அதிகாரி ஒன்றும் புரியாமல் பெண் ஊழியரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடு டாக்டர் பக்கம் வந்தார்.

"சாருக்குக் காது கேக்காதுங்க டாக்டர். உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவாரு. அங்க நீங்க முகமூடியைக் கழட்டவே இல்லையாமே, இப்பதான் முதல் தடவையா நீங்க சொன்னது அவருக்குப் புரிஞ்சிருக்கு!"